சிவப்புப் பூ யார் பக்கம்?

ஆடி மாதத்திலிருந்து எனக்கு ஒரு குழப்பம். உங்களிடம் கொட்டிவிட்டால் தெளியும் என்று நினைக்கிறேன். தெளியாவிட்டால்... நீங்களும் கொஞ்சம் சேர்ந்து குழம்புங்கள்.

சங்கதி இதுதான். எங்கள் இண்டூரில், முனியப்பன் கோயிலில், சாமியிடம் உத்தரவு கேட்டு நான் பூ எடுத்தேன். நான் என்றால், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிற இதே அந்தோணிதான்.

எடுக்கச் சொன்னவன் மாதையன். எங்கள் புன்செய்க் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் அவனும் நானும் ஒரே பெஞ்சு. அவனுக்குக் கோவிந்தன் என்று ஒரு தம்பி. அப்பா போன பிறகும் அண்ணன் தம்பிக்கு ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கிணறு. எங்கள் தர்மபுரி மாவட்டமே சேலத்தை விட்டுத் தனிக்குடித்தனம் வந்துவிட்ட காலம் இது. இவர்கள் மட்டும் பிரியவில்லை.

(முதல் மழை, பஸ் கட்டணம் ஏறிய நாள், எந்த வீட்டில் எப்போது அடுப்பு பிரிந்தது... இதையெல்லாம் தேதி போட்டு டைரியில் எழுதிவைக்கிற வியாதி எனக்கு உண்டு என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். மாதையன் வீட்டுக்கான பக்கம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.)

போன வருஷம் அவர்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்த கிணற்றடிக் காட்டில் இனிமேல் புதிதாக ஏதாவது வைக்கலாம் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் பரவாயில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு ஆசை வந்தது.

மாதையனுக்குத் தக்காளி. நம்முடைய நாட்டுத் தக்காளி இல்லை — பெங்களூர்ப் பக்கத்துப் புது ரகம். வரி விழாமல் உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். லாரியில் ஏற்றினால் மெட்ராஸ் வரைக்கும் நசுங்காது. ஓசூரில் மச்சான் காட்டில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சில்லை.

கோவிந்தனுக்குப் பப்பாளி. அதுவும் புது ரகம், கோயமுத்தூரில் உண்டாக்கியது. குட்டையாக நின்று, இடுப்பு உயரத்திலேயே காய்க்குமாம். தர்மபுரியில் விவசாயக் கண்காட்சி நடந்தபோது பார்த்தானாம்.

முதல் நாள் வாக்குவாதத்தின்போது நான் அங்கேதான் இருந்தேன்.

“அந்தத் தக்காளியக் கீழ போட்டா பந்து மாரி எகிறுதுங்கண்ணா. அதப் போட்டு ரசம் வெச்சா, புளியத்தான் கரைக்கணும்” என்றான் கோவிந்தன்.

“நாம திங்கறதுக்கா வெக்கிறோம்? விக்கிறதுக்குடா.”

“பப்பாளியும் விக்கிறதுக்குத்தானுங்க.”

“எவன் வாங்குவான்? உம் பொண்டாட்டியே இப்ப புள்ளத்தாச்சி. பென்னாகரத்துல உன் மாமியாக்காரி, பப்பாளின்னு பேச்செடுத்தாலே உன்ன வூட்டுக்குள்ள விட மாட்டா. அதுவுமில்லாம பாதி ஆம்பள மரமா வந்து நிக்கும். நல்லாப் பூக்கும், ஒண்ணும் காய்க்காது. நம்மூரு ஆளுங்க மாரி.”

கோவிந்தனே சிரித்துவிட்டான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. சித்திரையில் சிரித்துப் பேசியது, ஆனி பிறந்தபோது பேச்சே இல்லாமல் போய்விட்டது. அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தம்பி உட்காருவான். சோற்றில் உப்புப் போதவில்லை என்பதுகூட மாதையன் மனைவி சாலம்மா வழியாகத்தான் போய் வந்தது.

கடைசியில் என்னிடம் கேட்டார்கள். நான் புத்தகம் படிக்கிறவன் அல்லவா? விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். தக்காளி, பப்பாளி இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்று கண்டுபிடித்தேன். வந்து பெருமையாகச் சொன்னேன்.

“செரி, அதுல எத வெக்கிறது?” என்றான் மாதையன்.

அது கலைக்களஞ்சியத்தில் இல்லை.

“பாதி அது, பாதி இது என்று வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அண்ணன் கூரையைப் பார்த்தான், தம்பி தரையைப் பார்த்தான். சாலம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

“அந்தோணியண்ணா, அந்தப் பேச்ச மட்டும் எடுக்காதீங்க. அங்க ஒரு வரப்பு வுழுந்தா, வூட்டுக்குள்ளயும் ஒரு வரப்பு வுழும். ‘பாகம் பிரிச்சுட்டாங்க’ன்னு பஸ் நிக்கிற எடம் வரைக்கும் பேசுவாங்க. பேசிப் பேசியே நெசமாக்கிடுவாங்க.”

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் பிரிந்தன. முதலில் ஊர் பிரித்தது, அப்புறம் அவர்கள் பிரிந்தார்கள்.

“அப்ப முனியப்பனையே கேட்டுடலாம்” என்றான் மாதையன். “அந்தோணி, நீ வந்து பூவ எடு.”

“நானா? எனக்கும் முனியப்பனுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதுக்குத்தான் கூப்புடறன். எங்க ரெண்டு பேருக்கும் நீ வேண்டியவன். சாமிக்கு மட்டுந்தான் வேண்டாதவன். ஒருதலையா எடுத்துட்டான்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

பூசாரி ஓர் இலையில் வெள்ளை நந்தியாவட்டையையும் இன்னோர் இலையில் சிவப்பு அரளியையும் வைத்து, ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சாமி முன்னால் உருட்டிப் போட்டார். “எந்தப் பூவுக்கு என்னான்னு மனசுக்குள்ள சொல்லிக்குங்க. வாய்வுட்டுச் சொல்லக் கூடாது” என்றார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். (யாரிடம் வேண்டினேன் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.) குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

வெளியே வந்தோம். மாதையன் முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் தம்பியைப் பார்த்து, நேராகவே சொன்னான். “செரிடா. சாமி சொல்லிடுச்சு. பப்பாளியே வெப்போம்.”

கோவிந்தன் நடப்பதை நிறுத்தினான். “பப்பாளியா? செவப்புன்னா தக்காளிதானுங்களே.”

கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“என்னடா சொல்ற? வெள்ளப் பூ வந்தா தக்காளி, செவப்பு வந்தா உன் பப்பாளின்னு நெனச்சன்.”

“நான் வெள்ளன்னா பப்பாளி, செவப்புன்னா உங்க தக்காளின்னு நெனச்சனுங்க.”

ஆக, வெள்ளைப் பூவை இருவருமே தனக்குத் தனக்கென்று வைத்துக்கொண்டார்கள். சிவப்பை மற்றவனுக்கு விட்டார்கள். வழக்கமாகப் பூக் கேட்பவர் ஒரே ஆள், ஒரே மனசு. இங்கே இரண்டு மனசு நின்றது. அது பூசாரிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கிழமை, நேரம், அன்று காற்று அடித்த திசை எல்லாம் டைரியில் குறித்த எனக்கு, போவதற்கு முன்னால் ‘எந்தப் பூ எதற்கு?’ என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

திரும்பிப் போய்ப் பூசாரியைக் கேட்டோம். இன்னொரு தரம் போடலாமா?

“கேட்டதையே கேட்டா சாமிக்குக் கோவம் வரும். அது சொல்றதச் சொல்லிடுச்சு. புரியாட்டி நீங்கதான் பொறுப்பு” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவரையும் முனியப்பனையும் நான் குறை சொல்ல மாட்டேன். கப்பலேறி வந்த இரண்டு அயல்நாட்டுச் சரக்கைக் கொண்டுபோய் நிறுத்தி, எது நல்லது என்று கேட்டால் எங்கள் ஊர்ச் சாமி என்ன செய்யும்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் குழப்பத்துக்கு மூலம். அதுவரை ‘என்னுடையதை வை’ என்று மல்லுக்கட்டியவர்கள், அன்றிலிருந்து ‘உன்னுடையதை வை’ என்று மல்லுக்கட்டினார்கள். அதே சத்தம். அதே கோபம். அண்ணன் பப்பாளி என்கிறான். தம்பி தக்காளி என்கிறான். புதிதாக யாராவது வந்து கேட்டால், அவரவர் ஆசைக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

வெள்ளை வந்திருந்தால்? இருவரும் ‘எனக்கு’ என்றிருப்பார்கள். அன்றைக்கே பாகம் பிரிந்திருக்கும்.

ஆனால் இருவரும் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்களா? அண்ணன் முகத்தைப் பார்த்துத் தம்பி மாற்றிச் சொல்லியிருக்கலாம். அல்லது, பயிர் பொய்த்தால் பழி தன் தலையில் விழ வேண்டாம் என்று நைசாக நகர்த்திவிட்டிருக்கலாம். பாசமா, பயமா? பஸ்ஸில் மாதையன் பக்கத்தில் இடம் கிடைத்தபோது மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“சாமிகிட்ட நெனச்சத உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோவிந்தனைக் கேட்டேன். “அண்ணன் என்னா சொன்னாருங்க?” என்றான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் தனியே கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“முனியப்பன் கோயில்ல பூ எடுத்தியாமே?”

தலையைக் குனிந்துகொண்டேன். “ஆமாம் சாமி.”

“என்ன பூ?”

“சிவப்பு.”

யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். “அப்ப... எதைத்தான் வைக்கிறாங்க?”

நாள் போய்க்கொண்டிருந்தது. ஆடி மழை இரண்டு தரம் பெய்து ஓய்ந்தது. ஊரே விதைத்துவிட்டது. கிணற்றடிக் காடு மட்டும் உழுதபடி சும்மா கிடந்தது. ‘என்னமோ தகராறாமே’ என்று பஸ் நிற்கிற இடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் ராகிக் களியைத் தட்டில் போட்டுக்கொண்டே சாலம்மா பொறுமை இழந்தாள்.

“ரெண்டு பேரும் சாமி பேச்ச மீற வேணாம். உங்களுக்குச் சாமி பப்பாளின்னு சொல்லிச்சா? போய்ப் பப்பாளி வெய்யிங்க. தம்பி, உங்களுக்குத் தக்காளின்னு சொல்லிச்சா? போய்த் தக்காளி வெய்யிங்க. எனக்கு ஒண்ணுஞ் சொல்லல, நான் போயி மாட்டப் பாக்கறன்.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர்கள் அப்படியே செய்துவிட்டார்கள். மாதையன் காடு முழுக்க, தள்ளித் தள்ளிக் குழி எடுத்துப் பப்பாளிக் கன்று வைத்தான். பாதிக் காட்டோடு நிறுத்தினால் பாகம் ஆகிவிடுமே... நிறுத்தவில்லை. நடுவில் இடம் சும்மா கிடப்பதைப் பார்த்த கோவிந்தன், காடு முழுக்கத் தக்காளி நாற்றை நட்டான். அவனும் நிறுத்தவில்லை. வரப்பே இல்லை.

வழியில் போன விவசாய அதிகாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “இது என்ன முறை?” என்று கேட்டாராம்.

“முனியப்பன் முறைங்க” என்றானாம் மாதையன்.

பாகம் பிரித்துவிட்டார்களா என்று பார்க்கப் போன ஊர்க்காரர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். எது யாருடையது என்று தெரிந்தால்தானே பிரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்?

போன வாரம் நானும் போய்ப் பார்த்தேன். தக்காளி பூவெடுத்திருக்கிறது. பப்பாளி முழங்கால் உயரம் வந்திருக்கிறது. இரண்டு பேரும் காட்டுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“எம் பப்பாளிக்கு வர்ற தண்ணியெல்லாம் உன் தக்காளி குடிக்குதுடா.”

“என் தக்காளிக்கு உங்க எல நெழல் கட்டுதுங்கண்ணா. மொதல்ல அதச் சொல்லுங்க.”

எம் பப்பாளியா? இது மாதையன் வாயிலிருந்தா?

கிணற்று மேட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த சாலம்மாவிடம் கேட்டேன். “எதும்மா ஜெயிக்கும்?”

“எது காய்ச்சாலும், ரெண்டு பேரும் ‘நான் அப்பவே சொன்னன்’னு சொல்லுவாங்கண்ணா.”

உண்மைதான். யோசித்துப் பார்த்தால், இருவருமே இரண்டையுமே சொல்லியிருக்கிறார்கள்.

காய்க்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. பூ எடுத்தவன் நான் அல்லவா?