ராணி உதைத்த கதவு

மோதிரத்தைக் கழற்றினார். பிறகு கடிகாரம், பேனா. கடைசியில் இடுப்புப் பெல்ட்டையும் கழற்றி ஆணியில் மாட்டினார். காரை நெருங்குமுன் தினமும் இந்தத் துறவறம்தான். பெயின்ட்டில் ஒரு கீறல் விழலாமா? அப்புறம் இடக்கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் துடைப்பார். "காரைத் தொடறதுக்குக் கல்யாண மோதிரத்தைக் கழட்டுற ஆம்பளை உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி.

பிரிட்டனில் பிறந்த கார். இன்ஜின்தான் கம்பெனியுடையது. உடம்பை, பின்னாளில் நாடிழந்த ஒரு ராணிக்கென்று, சட்டை தைப்பதுபோல் அளவெடுத்து, அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டித் தட்டிச் செய்தார்கள். தொப்பி இடிக்காமலிருக்க நான்கு விரற்கடை உயர்த்திய கூரை. ராணிக்குக் கண் மங்கிய ரகசியம் ராஜாவுக்குத் தெரியாமலிருக்க, சீட்டின் கைதாங்கிக்குள் மூக்குக்கண்ணாடிக்கென்று ஒரு கள்ள அறை. இப்போது கார் ஒரு தனியார் காட்சியகத்தில் நிற்கிறது. முப்பத்தைந்து வருடமாகச் சாவி இவரிடம். சக ஊழியர்கள் இவருக்கு வைத்த பெயர் 'ராணி வீட்டு மாப்பிள்ளை'. யார் மூச்சாவது கண்ணாடியில் பட்டால் போதும், "தள்ளி நில்லுங்க சார், ராணியம்மா கூச்ச சுபாவம்" என்பார்.

இடதுபக்கப் பின்கதவின் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு பள்ளம். "ராணியம்மா உதைச்சது." ஏன் உதைத்தாள் என்பது வாரத்துக்கு ஒன்று. ஒரு வாரம் ராஜா யாருக்கோ எழுதிய கடிதம். மறுவாரம் வெறும் பல்வலி. வந்தவர்கள் காதில் முழம் முழமாகப் பூச்சுற்றி அனுப்புவார். அந்த உதை காட்சியகத்தின் கையேட்டிலேயே அச்சேறிவிட்டது.

வினை ஒரு பழைய புகைப்படமாக வந்தது. ராணி காரை விற்ற அன்று எடுத்த படம். கதவு வழவழவென்று இருந்தது. "ராணி உதைச்சதுன்னா சரித்திரம், இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா நாளைக்கே தட்டி நிமித்திடலாம்" என்றார் மேலாளர் அம்மாள்.

அன்று ராத்திரி வீட்டில் மனைவியிடம் படத்தைப் பற்றிச் சொன்னார். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், மனைவிக்குப் பிரசவ வலி. வேறு வண்டி அகப்படாமல், யாரிடமும் கேட்காமல் இந்தக் காரை எடுக்க வெறுங்காலோடு ஓடிவந்தார். கார் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. இறங்கிப் பின்கதவில் குதிகாலால் விட்டார் ஓர் உதை! அடுத்த சாவித் திருப்பலில் உயிர் வந்தது. அவர் கதைகளில், வெளியே சொல்லாத இந்த ஒன்றை மட்டும் நம்பலாம், ஏனென்றால் மகள் பிறந்ததே அதன் பின்சீட்டில்தான்.

"சொல்லிடுங்க. என் பிரசவத்தைத் தூக்கி ஒரு ராணிக்குக் குடுத்துட்டீங்களே, இத்தனை வருஷமா!" என்றாள் மனைவி.

"சொன்னா சாவியைப் பிடுங்கிடுவாங்கடி. அப்புறம் கிட்டக்கூட விடமாட்டாங்க."

"சொல்லலேன்னா நம்ம பொண்ணு பொறந்த அடையாளத்தை நிமித்திடுவாங்க. அது பரவாயில்லையா?"

காலையில் டிங்கர் மரச்சுத்தியலோடு கதவருகே குந்திவிட்டார். மேலாளர் அம்மாள் படத்தை நீட்டினார். "இப்பவாவது சொல்லுங்கண்ணே. யாரு உதைச்சது?"

ஏழெட்டு ராணிகள் நாக்கு நுனிவரை வந்தார்கள். விழுங்கினார். சாவியை எடுத்து மேலாளர் அம்மாளின் கையில் வைத்தார். இடக்கையில் கால்சட்டை, யாரையும் தொடவிடாத அந்தக் கதவின்மேல் வலக்கையை ஊன்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை மெல்லப் பள்ளத்தில் வைத்தார். கிண்ணத்துக்கு மூடிபோல் அது உட்கார்ந்தது.