பெட்டியை எடுத்துப்போனதற்கு ஆதாரம்

மார்லிஸ் புரெக்கன் பொம்மைக் கரடி தைக்கிறவள். கடையில் விற்கிற கரடி இல்லை. இறந்துபோனவர்கள் உடுத்திய துணியில் தைக்கிற கரடி. அண்ணன் இறந்த வருஷம் அவனுடைய கட்டம்போட்ட சட்டையை வெட்டி, அவன் மகளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதைத் தேவாலயத்தில் பார்த்த ஒருத்தி மறுவாரமே கணவனின் சட்டையோடு வந்து நின்றாள். பேர் பரவியது. வடக்கு டகோட்டாவில் ஹால்ஸ்டன் என்கிற, வரைபடத்தில் தேடினால் கண் வலிக்கிற ஊருக்கு வெளியே இருக்கும் அவளுடைய பண்ணை வீட்டுக்கு, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் சட்டைகள் வரத் தொடங்கின. பள்ளி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள் அந்த வேலையை விட்டுவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. வந்த துணியைத் துவைக்கமாட்டாள். வாசனை போய்விடும் என்பாள். வெட்டியதில் மிஞ்சிய துண்டு, பொத்தான், பிரித்தெடுத்த நூல்கூட ஒரு பையில் போட்டுக் கரடியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அடுத்தவர் துக்கத்தில் ஒரு இழைகூடத் தன் வீட்டில் தங்கக்கூடாது என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குத்தான், பெட்டி தொலையாதவரைக்கும்.

பெட்டிகளை எடுத்துப்போகிறவன் டுவேன் ஸ்கார், கூரியர் வண்டி ஓட்டுகிறவன். அவன் வண்டி பண்ணைப் பாதையில் திரும்பும் முன்பே மார்லிஸின் நாய் ரஸ்டி வாசலுக்கு ஓடிவிடும். டுவேன் சட்டைப் பையில் எப்போதும் நாய் பிஸ்கட் இருக்கும்.

"உங்க பெட்டிக்காக வரல மார்லிஸ். ரஸ்டியப் பாக்க வர்றேன். பெட்டி சும்மா வழியில கெடக்குது, எடுத்துட்டுப் போறேன்" என்பான்.

"அப்ப அதையே கட்டிக்கோ. கல்யாணச் செலவு மிச்சம்" என்பாள் அவள்.

பேசிக்கொண்டே கையிலிருக்கும் கருவியை ஒவ்வொரு பெட்டிமேலும் காட்டுவான். அது 'பீப்' என்று கத்தும். அந்தக் கத்தல்தான் ஆதாரம். கத்திவிட்டால் பெட்டி நிறுவனத்துடையது. கத்தாதவரை, பெட்டி வண்டியில் ஏறிப் போயிருந்தாலும், அவர்கள் கணக்கில் அது மார்லிஸ் வீட்டில்தான் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை அது கத்தவில்லை.

பெட்டி அர்க்கன்சாஸில் இருக்கும் ரமோனாவுக்குப் போகவேண்டியது. ரமோனாவின் மகன் கோல்பி போன குளிர்காலத்தில் கார் விபத்தில் இறந்துபோனான். வருகிற சனிக்கிழமை அவன் அக்காவுக்குக் கல்யாணம். முதல் வரிசையில் தம்பிக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் அவன் சட்டைகளில் தைத்த கரடியை உட்காரவைப்பதாக ஏற்பாடு. அவனுடைய பேஸ்பால் சட்டை, ஒரு பழைய ஜீன்ஸ், புகைவாடை போகாத ஒரு கம்பளிச் சட்டை, எல்லாமே கரடிக்குள் போய்விட்டன. வேறு எதுவும் அந்தத் தாயிடம் மிச்சமில்லை. நல்லதையெல்லாம் தானே எடுத்து அனுப்பியிருந்தாள்.

டுவேன் வந்தபோது மார்லிஸ் அப்போதுதான் கடைசித் தையலை முடித்துப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவன் தையல் நூல் பார்சலைக் கொடுக்கத்தான் வந்தான். எடுத்துப்போக அன்றைக்குப் பதிவு எதுவும் இல்லை. கருவி வேறு குளிரில் உயிரை விட்டிருந்தது.

"நாளைக்கு வந்து முறையா எடுத்துக்கறனே மார்லிஸ்" என்றான்.

"நாளைக்குப் பனிப்புயல்ங்கறாங்க. நீ வர்றதே சந்தேகம். சனிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்ப்பா, அந்தப் பையனோட நாற்காலி காலியாக் கெடக்கும். எடுத்துட்டுப் போ."

"இது கத்தாம எடுத்தா என்னப் பாத்துக் கத்துவாங்க."

"டிப்போல போய்க் கத்தவச்சுக்கோ."

அவன் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்தான். ரஸ்டிக்கு பிஸ்கட்டைக் கொடுத்தான். போய்விட்டான். கெஞ்சியது அவள்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவள் எத்தனை முறை மாற்றிச் சொல்லிப்பார்த்தாலும்.

செவ்வாய்க்கிழமை புயல் வந்தது. கணினியில் பார்த்தால் 'முகவரிச் சீட்டு தயார், பொருள் இன்னும் வரவில்லை' என்றே இருந்தது. புதன் காலையிலும் அதே வரி. மார்லிஸ் கூரியர் நிறுவனத்துக்கு போன் செய்தாள்.

"அந்தப் பொருள் எங்ககிட்ட வரல மேடம்" என்றான் ஒருவன், எங்கோ தொலைவில் சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு.

"வண்டியில ஏத்துனத நான் என் கண்ணால பாத்தேன்."

"எடுத்துட்டுப் போனதுக்கு ஆதாரம் இருக்குங்களா? ஸ்கேன், ரசீது, எதாவது?"

"உங்க டிரைவர் என் நாய்க்கு பிஸ்கட் குடுத்தான். பெட்டி எடுக்க வர்றப்பல்லாம் குடுப்பான்."

"அது ஆதாரமாகாது மேடம். ஆதாரம் குடுத்தா டிப்போவுல தேடச் சொல்லுவோம். இல்லாத பொருளத் தேடச் சொல்ல முடியாதுங்க."

தொலைந்த பொருளைத் தேடத்தானே ஆள் வேண்டும் என்று மார்லிஸ் எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். அவன் கிளிப்பிள்ளைபோல அதையே திருப்பிச் சொன்னான். போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள், பனியில் டுவேனின் காலடியாவது இருக்குமா என்று பார்க்க. புயல் அதையும் மூடிப்போட்டிருந்தது. மூடாத இடத்தை அவள் கணவன் ஆர்டன் அக்கறையாகப் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்து வைத்திருந்தான்.

மத்தியானம் டுவேனே வந்தான். முகம் வெளுத்துக்கிடந்தது. ரஸ்டி காலைச் சுற்றியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"வண்டியில வச்சது நல்லா ஞாபகமிருக்கு. டிப்போல அன்னிக்கு ஒரே கூட்டம். யாரோ எறக்கிட்டாங்க, அவங்களே ஸ்கேன் பண்ணியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். ரெண்டு நாளா சந்துபொந்தெல்லாம் தேடறேன் மார்லிஸ்."

"நீ எடுத்தேன்னு சொன்னா எல்லாருமாத் தேடுவாங்கல்ல?"

அவன் தொப்பியைக் கழற்றிப் பிசைந்தான். "போன வருஷம் ஒரு கெழவர் பெட்டிய இதேமாதிரி எடுத்து மாட்டிக்கிட்டு, இனிமே செய்யமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். இன்னொரு தடவன்னா வேலயவிட்டு வீட்டுக்குத்தான். இன்னிக்கு ஒரு நாள் குடுங்க. பெட்டிங்க ஓடுற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில மட்டும் பாக்கல. ஷிஃப்ட் முடிஞ்சதும் பாத்துடறேன்."

கொடுத்தாள். வேறென்ன செய்வாள், அவனைத் தெரியும்.

சாயங்காலம் அதே வரியைக் கணினியில் பார்த்துவிட்டு ரமோனா கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் மார்லிஸ் தாங்கியிருப்பாள்.

"வேற ஒண்ணும் கேக்கலம்மா. ஒரே வார்த்த சொல்லுங்க. அவன் எங்க இருக்கான்னு தெரியுமா, தெரியாதா?"

கரடி என்று சொல்லவில்லை. அவன் என்றாள்.

"தேடிட்டிருக்கோம்" என்றாள் மார்லிஸ்.

"உங்க கையில குடுத்துட்டோம்னு நிம்மதியா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ரமோனா போனை வைத்தாள்.

மார்லிஸ் தையல் மேஜைக்கடியில் மண்டியிட்டுக் கையால் துழாவினாள். கோல்பியின் ஒரு நூலாவது, ஒரு பொத்தானாவது கிடைத்தால் அதை வைத்துக்கூட ஏதாவது தைத்து அனுப்பலாம். அவள் பிடிவாதம் அவள் கழுத்தையே பிடித்தது. எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டிருந்தாள். மேஜைக்கடியில் ரஸ்டியின் முடிதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வியாழக்கிழமை காலை ஆர்டன் கையில் படம் பார்க்கிற சின்னக் கருவியோடு வந்தான். கோழிக்கூண்டுக்கு வருகிற நரியைப் பிடிக்க மரத்தில் ஒரு கேமரா கட்டியிருந்தான். எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும்.

"நரி மாட்டல. ஒன் ஆளு மாட்டியிருக்கான்" என்றான்.

படத்தில் டுவேன் இருந்தான். தோளில் பெட்டி. குனிந்து பிஸ்கட்டை நீட்டுகிறான். ரஸ்டி தலையைத் தூக்கியிருக்கிறது. கீழே மூலையில் தேதியும் நேரமும் பளிச்சென்று தெரிந்தன.

மார்லிஸ் டுவேனை அழைத்தாள். கன்வேயருக்கடியில் பார்த்தாயிற்று, இல்லை என்றான். படத்தைப் பற்றிச் சொன்னாள்.

"இன்னும் ஒரு நாள்..." என்று ஆரம்பித்தான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமடா."

"தெரியும்" என்றான். அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அவனே சொல்லட்டுமே, நீ எதுக்கு?" என்றான் ஆர்டன்.

"அவன் சொல்லமாட்டான். அந்த நாற்காலி காத்துக்கிட்டிருக்காது" என்றாள் மார்லிஸ். சொன்னபோது குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அனுப்பினாள். படத்தோடு நீளமாக எழுதினாள். நான்தான் கட்டாயப்படுத்தினேன், அவன் மறுத்தான், அவன்மேல் தவறில்லை, பனி, நாற்காலி, எல்லாம் எழுதினாள். 'எடுத்துச்சென்றதற்கான ஆதாரம் அளித்தமைக்கு நன்றி' என்று ஒற்றை வரி திரும்பி வந்தது. அவள் எழுதியதை யாராவது படித்தார்களா என்பது சந்தேகம். படத்தை மட்டும் நன்றாகப் பார்த்திருந்தார்கள்.

அன்று மாலைக்குள் பெட்டி கிடைத்துவிட்டது. முகவரிச் சீட்டு பனியில் நனைந்து உரிந்துபோய், வேறு ஊர் டிப்போவில் அநாதைப் பெட்டிகளோடு கிடந்திருக்கிறது. எல்லோருமாகத் தேடினால் கிடைக்கிற இடந்தான். ஒருவன் ஒளிந்து ஒளிந்து தேடினால் கிடைக்காத இடம். விமானத்தில் போட்டு அனுப்பினார்கள். சனிக்கிழமை ரமோனாவிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் கரடி உட்கார்ந்திருந்தது, மடியில் ஒரு பூவோடு. மார்லிஸ் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை புது ஆள் வந்தான். பெட்டிகளைக் கத்தவைத்தான், ரசீது நீட்டினான், ரஸ்டியைக் கண்டு பின்வாங்கினான்.

"நாயக் கட்டிப்போடுங்க மேடம்" என்றான்.

டுவேனை அவள் பார்த்தது பனி உருகத் தொடங்கிய பிறகு, பெட்ரோல் பங்க்கில். தன் பழைய டிரக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். மார்லிஸ் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள்.

"கரடி போய்ச் சேந்துச்சா?" என்று அவனே கேட்டான்.

"சேந்துச்சு."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்கு."

"அப்ப சரி" என்றான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் டிரக்குக்குள் கைவிட்டுப் பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"ரஸ்டிக்குக் குடுங்க. எங்கிட்ட நாய் இல்ல."

வீட்டுக்கு வந்து அதில் ஒன்றை ரஸ்டிக்குக் கொடுத்தாள். அது வாங்கித் தின்றது. தின்றதும் எழுந்து பண்ணைப் பாதையின் முனைவரை ஓடி, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.