சிலந்திகளுக்கு ஈ கொடுத்தவள்

கல்லூரி விலங்கியல் துறையில் பெருக்க வந்தவள் அவள். எட்டுக்கால் பூச்சியைக் கண்டு அலறாத ஒரே ஆள் என்பதால் சிலந்தி அறையை அவள் தலையில் கட்டினார்கள். பதினேழு வருஷம் ஓடிவிட்டது. எல்லாருக்கும் ‘எட்டுக்கால் அக்கா’.

எல்லாச் சிலந்திக்கும் ஒரே மாதிரி இரை போட முடியாது. வட்ட வலைக்காரிக்கு ஈயை வலையில் தட்டிவிட்டால் போதும்; நூல் அதிர்ந்ததும் ஓடிவந்து சுற்றிக் கட்டிவிடும். குதிக்கும் சிலந்திக்கு வலையே கிடையாது. கண்ணால் பார்த்துப் பூனை மாதிரி பதுங்கிப் பாயும். துப்புவது சற்றுத் தள்ளி நின்றே பசையைத் துப்பிப் பூச்சியைத் தரையோடு ஒட்டிவிடும். மண்ணுக்குள் கதவு போட்டிருப்பது, வாசலில் பூச்சி நடந்தால் மட்டும் கதவைத் திறந்து இழுத்துக்கொள்ளும்.

வீட்டில் புருஷன் படுக்கையில். பஸ் ஓட்டியவர்; பக்கவாதத்தில் ஒரு பக்கம் போய்விட்டது. சாயங்காலம் அவள் நுழைந்ததும் குழறலாகக் கேட்பார்:

“இன்னிக்கு யார் யார் சாப்பிட்டாங்க?”

துணி மாற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வாள். அந்த அரைமணி நேரந்தான் அவர் முகத்தில் உயிர் இருக்கும்.

புதிய துறைத் தலைவர் வந்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்கம்மா. கம்ப்யூட்டர் வருது.”

“இதுங்களை என்ன சார் பண்றது?”

“தோட்டத்துல விட்டுடுங்க.”

“கதவு போடறது பொழைக்காது சார். வளந்தப்புறம் புதுசா குழி தோண்ட வராது.”

“அப்ப ஸ்பிரிட்ல போட்டுடுங்க.”

கதவு போட்டதை அவளே ஸ்பிரிட்டில் போட்டாள். கால்கள் மெல்ல மடங்கின. மற்றவற்றைச் செடிகளில் விட்டாள். திங்கட்கிழமை தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்திருந்தார்கள். அவளைக் கழிப்பறைப் பக்கம் மாற்றினார்கள்.

புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை.

“எல்லாம் சாப்பிட்டுச்சு. துப்பறதுகூட.”

மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்த நாளும்.

நான்காம் நாள் அவர் குறுக்கிட்டார்.

“துப்பறது தினமும் சாப்பிடாதுன்னு நீதானே சொன்ன?”

அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“ரூமை எடுத்துட்டாங்க” என்றாள்.

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கஞ்சி ஊட்டினால் பாதி வழிந்துவிடும், துடைப்பாள். அவளும் அவரிடம் புதிதாக எதையும் சொல்லவில்லை. கழிப்பறை கழுவியதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?