கணவர் கடலில் இருந்தபோது நான் சொன்ன சம்மதம்

போன வருடம் தை மாதம். காசிமேட்டில் எங்கள் வீடு. கணவர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். காலையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் மாமியாரும் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மாரடைப்பு. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த பிறகும் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. தொடை வழியாக ஒரு சின்ன பம்ப்பை இதயத்துக்குள் செலுத்தினால், சில நாள் இதயத்தின் பாரத்தை அது சுமக்கும், ஓய்வு கிடைத்தால் மிச்சத் தசையாவது பிழைக்கலாம் என்றார் டாக்டர். ரத்தக்கசிவு வரலாம், காலுக்கு ரத்த ஓட்டம் குறையலாம் என்பதையும் மறைக்கவில்லை. "யோசிக்க ரொம்ப நேரம் இல்லைம்மா" என்றார்.

பெரிய முடிவு எதையும், கடலுக்குப் போன ஆள் கரை திரும்பாமல் எங்கள் வீட்டில் எடுக்கமாட்டார்கள். கணவருக்குப் போன் கிடைக்கவில்லை. வயர்லெஸ்ஸில் சொல்லியனுப்பியும் பதில் இல்லை.

பின்னாலேயே வந்து சேர்ந்த மாமனாரின் தம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "புள்ள வரட்டும். அவன் இல்லாம நாம இன்னாத்த சொல்றது? நெஞ்சுக்குள்ள மோட்டார் வுடுவாங்களாம். பேஜாரு புடிச்ச வேல."

நான் பட்டப்படிப்பு முடித்தவள்தான். ஆனால் மகளுக்குச் செருப்பு வாங்கினாலும் அளவு சரிதானா என்று பத்து முறை போடவைத்துப் பார்க்கிறவள். ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க என்னைத்தானே சொல்வார்கள்? எப்படியோ வாய் திறந்தேன்.

"சின்ன மாமா, நடுக்கடல்ல எஞ்சின் படுத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னொரு போட்டுல கயிறு கட்டி இஸ்துகினு வருவோம்."

"அந்த எஞ்சினையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்க மாட்டீங்களா?"

"ஓட்டுனா மொத்தமா பூடும்மே..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"டாக்டரும் அதத்தான் சொல்றாரு மாமா."

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்தார். "நீ போய் சரின்னு சொல்லு. உன் புருசன் வந்து கேட்டான்னா நான் பேசிக்கிறேன்."

டாக்டரிடம் போய்ச் சரி என்று சொன்னேன். அடுத்த சில நாட்கள், மாமனாரின் பாதம் சூடாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு நர்ஸைப் பாடாய்ப் படுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் இதயம் தானே வேலை செய்ய ஆரம்பித்ததும் பம்ப்பை எடுத்தார்கள். கரைக்கு வந்ததும் வராததுமாக ஓடிவந்த கணவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி, "உன் பொண்டாட்டிதான் தைரியமா சரின்னுச்சு. நானா இருந்தா இன்னும் உனக்காக காத்துகினு இருந்திருப்பேன்" என்றார் சின்ன மாமா. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதயம் பழைய பலத்துக்கு வராது என்றாலும் மாமனார் இன்று பேத்தியோடு சாயங்காலம் மெல்ல நடந்துவிட்டு வருகிறார். பயம் தெளிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திராமல், பயத்தோடேயே ஒரு முடிவை எடுத்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.