மாமாவின் காருக்கு ஸ்பீக்கர் பூட்டியது

என் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, சவூதியில் சில வருடம் லொறி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து செய்த முதல் காரியம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது. சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்குள் அது வந்து நின்ற அன்று அயல்வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டே கதவுள்ள ஜப்பான் கார். சுவிட்சைப் போட்டால் முன்விளக்குகள் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும். வலப்பக்க விளக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் எழும்பும். என்னைவிட அந்தக் காருக்கு இரண்டு மடங்கு வயது என்றார் உம்மா. வாங்கியவரின் புத்தியைப் பற்றி வாயால் எதுவும் சொல்லவில்லை.

அந்த நாளில் அதே வளவின் பின்பக்கம் சாச்சிக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாச்சி உம்மாவின் தங்கை, மாமாவுக்கும் இளையவர். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அவர்களுடைய வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அந்தப் பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்திருந்தது. மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. சுவர்கள் நின்றன, கூரை இல்லை. மாரி மழைக்கு முன் போட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் கதைத்துக்கொள்வார்கள். எனக்கு அது ஒளித்து விளையாட நல்ல இடம், அவ்வளவுதான்.

அப்படியிருக்கையில் மாமா ஒரு நாள் கல்முனைக்குப் போய் இரண்டு புது ஸ்பீக்கர்களோடு வந்தார். காரின் பின் ஸ்பீக்கர்கள் எப்போதோ செத்துப்போயிருந்தன. "என்னத்துக்கு மாமா புதுசு?" என்று கேட்டேன். "பின்னுக்கு இருக்கிறவங்களுக்கும் பாட்டுக் கேக்கணும்தானே, புள்ள" என்றார். பின்னுக்கு இருக்கிறவள் நான்தான். ஆகவே ஸ்பீக்கர்கள் எனக்காக வாங்கப்பட்டவை என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வேலை நினைத்ததுபோல் லேசாக இருக்கவில்லை. பின் சீட்டைக் கழற்றி, அதன் இரு பக்கத்துப் பலகைகளையும் கழற்றினால், பழைய ஸ்பீக்கரின் கடதாசி கையோடு உதிர்ந்து வந்தது. புது ஸ்பீக்கர் அந்த ஓட்டைக்குள் அடங்கவில்லை. பின்னாலுள்ள காந்தம் உள் தகரத்தில் முட்டியது. மாமா பலகைத் துண்டொன்றை வளையமாக அறுத்து, அதை இடையில் வைத்து ஸ்பீக்கரை முன்னுக்குத் தள்ளினார். வயர் இழுப்பது அதைவிடக் கஷ்டம். கதவோரக் கம்பளத்துக்குக் கீழால் வருகிற வயரைத் தகரத்துக்கு நடுவிலுள்ள இடுக்கால் மேலே எடுக்க வேண்டும். மாமாவின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. என் கை தோள்வரை போனது. கீறல் விழுந்தது, ஆனாலும் வயரின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். அந்த வெற்றியின் நினைவில் ஒரு கிழமை நான் யாரையும் மதிக்கவில்லை.

முதலில் போட்டபோது பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஒரு பக்கத்தில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறியிருந்தன. மாற்றிப் பூட்டியதும் சத்தம் முதுகுக்குள் வந்து இறங்கியது. மாமா பின் சீட்டில் என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, முழங்கால் தாடையில் இடிக்க, அந்தப் பாட்டு முடியும்வரை கேட்டார். சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அறுகம்பே கடற்கரைக்குப் போனோம். முன்னால் மாமாவும் உம்மாவும். பின்னால் நானும் சாச்சியும். சாச்சிக்குப் பஸ் ஏறினாலே தலை சுற்றி வாந்தி வரும். உம்மா ஒரு சொப்பிங் பேக்கை என் கையில் தந்து, தேவைப்பட்டால் நீட்டச் சொல்லியிருந்தார். திருக்கோவில் தாண்டும்வரை பைலாப் பாட்டு அதிர்ந்தது. உம்மாவின் தலைகூட மெல்ல ஆடியது.

திடீரெனப் பாட்டு நின்றது. மாமாவின் ஃபோனோடு இணைந்திருந்த காரின் ரேடியோ செட்டின் வழியாக, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் குரல் எங்கள் காதடியில் பெரிதாகக் கேட்டது.

"தம்பி, பின் ஸ்பீக்கர் பூட்டியாச்சாம் எண்டு கேள்விப்பட்டன். அப்ப வெள்ளிக்கிழமை வந்து கார எடுக்கிறன். உங்கட தங்கச்சிட கூரை வேலையும் நிக்காமப் போகும்தானே?"

மாமா செட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்தினார். சரியானது அகப்படுவதற்குள் அந்த மனிதர் முழுவதையும் சொல்லி முடித்து, ஸலாமும் சொல்லிவிட்டார்.

எடுப்பதென்றால் இரவலுக்கு எடுப்பது என்று நினைத்தேன். பக்கத்தில் பார்த்தால் சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார், தோள் குலுங்கியது. நான் கடமை தவறாதவள். சொப்பிங் பேக்கை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "மாமா, நிப்பாட்டுங்க, சாச்சிக்குச் சத்தி வருகுது!" என்று கத்தினேன்.

கோமாரிக்குக் கிட்ட, ஆளில்லாத இடத்தில் கார் நின்றது. உம்மா இறங்கி சீட்டை மடித்து சாச்சிக்கு வழிவிட்டார். சாச்சி சத்தி எடுக்கவில்லை. காரின் மறுபக்கம் நின்ற தன் அண்ணனை, மாமாவைப் பார்த்து, "காக்கா, ஓடு வேணாம், எனக்குத் தகரம் போட்டாலும் காணும்" என்றார்.

"சும்மா இரி. ஓட்டுக்குச் சொல்லியாச்சு" என்றார் மாமா.

"நீங்க ஆசையா வாங்கின கார்…"

"அது அலுத்துப் போச்சு."

தலை சுற்றுகிறவர் எதற்குக் கூரையைப் பற்றிக் கதைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உம்மா மாமாவின் சேர்ட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கே மணல் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த மனிதர் வந்தார். பின் சீட்டில் ஏறிப் பாட்டுப் போட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். கார் போய்விட்டது. நான் வளவில் விழுந்து அழுதேன். ஸ்பீக்கரையாவது கழற்றித் தாருங்கள் என்று மாமாவோடு சண்டை பிடித்தேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனார். பிறகு இறக்காமத்திலிருந்து ஆலைக்கு நெல் ஏற்றும் லொறியொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த லொறியில் ரேடியோகூட இருக்கவில்லை.

மாரிக்கு முன் ஓடு போட்டாயிற்று. குடிபுகுந்த அன்று சாச்சியின் புது மண்டபத்தில் பெண்கள் சஹன் தட்டுகளைச் சுற்றிக் கூட்டாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமா வாசலில் நின்று சோறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருதமுனையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருவர், "எங்க புள்ள, உங்கட மாமாட காரக் காணல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

நான் நீண்ட நாள் யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்த பதிலை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "சாச்சி அதுக்குள்ள சத்தி எடுக்கப் பாத்தா. அதுதான் மாமா வித்திட்டார்!"

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்து, "ஓம், ஓம், அதேதான்" என்றார். சாச்சியும் சிரித்தார், பிறகு தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. உம்மா என் தொடையில் நன்றாக ஒரு கிள்ளு வைத்தார். சாப்பிடுகிற இடத்தில் சத்தியைப் பற்றிக் கதைத்ததற்காகத்தான் அந்தக் கிள்ளு என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.