பாஸ்டனில் பாதி வழி

இன்னைக்கு இங்கே வளைகுடாவில், ரூவியில், எங்க பில்டிங் லிஃப்ட்டில் எதிர் ஃப்ளாட் பையன், "ஆன்ட்டி, அடுத்த வாரம் பாஸ்டன் போறேன்" என்றான்.

"பார்க்கிலிருந்து தரையில ஒரு சிவப்புக் கோடு போகும். அதைப் பிடிச்சு நடந்தா பழைய ஊர் முழுக்கப் பார்த்துடலாம்" என்றேன்.

"நீங்க எப்போ போனீங்க?"

போனதே இல்லை.

எழுபதுகளில், இங்கே வந்த புதுசுல, என் கணவர் ஒரு பாஸ்டன் கைடு புக் வாங்கினார். வெள்ளிக்கிழமை சாப்பிட்டதும் அதிலிருந்த மேப்பை விரிச்சு, கோட்டுமேல விரல் வச்சு, வாரம் ஒரு தெரு கூட்டிட்டுப் போவார்.

"அடுத்த லீவுக்கு நிஜமாவே போறோம்" என்பார். லீவு வந்தா ஊர்ல தங்கச்சி கல்யாணம், இல்லாட்டி வீட்டு வேலை.

ஒரு சனிக்கிழமை டூட்டிக்குப் போனவர், சைட்டிலேயே மாரடைப்புல போயிட்டார்.

பாஸ்டன் பார்த்தவங்க சொல்லுங்க, அந்தக் கோடு எங்கே முடியுது? நாங்க பாதி வரைக்கும்தான் போயிருக்கோம்.