கொடிகாமத்தில் பாதை கழற்றிய ஞாயிறு

காலை ஆறரைக்குப் பருத்தித்துறையில் இருந்து புறப்பட்டோம். பெற்றோல் விற்கிற விலையில் மோட்டார்சைக்கிளைத் தொட மனம் வராது, சைக்கிள்தான். பின் கரியரில் என் மனைவி மங்கை, ஹாண்டிலில் புட்டுப் பொதி. கொடிகாமத்துக்குப் பன்னிரண்டு மைல். 1993 தை மாதம் அது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்று மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் சிலர் கைக்காசில் ஒரு காட்சிச்சாலை நடத்துகிறார்கள், வருகிறவர்களைத் தண்டவாள றொலியில் ஏற்றித் தள்ளியும் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வரணிக்குக் கிட்ட எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது.

“இஞ்சேருங்கோ, நான் இறங்கி நடக்கட்டே?”

“நீ இருக்கிறதாலைதான் சைக்கிள் பறக்காமல் நிக்குது” என்றேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தென்னந்தோட்டத்துக்குள் ஒரு கிடுகுக் கொட்டில். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு ரூபா. உள்ளே நிலைய மணி, ரிக்கற் துளைக்கும் குறடு, சிவப்பும் பச்சையும் காட்டும் கைவிளக்கு, யாரோ வெற்றிலை துப்பிய கறையோடு இரண்டாம் வகுப்பு ஆசனம் ஒன்று. கறையைக் கழுவவில்லையா என்று கேட்டேன். “அதுவும் ரயில்வேச் சாமான்தான்” என்றார் பொறுப்பாளர் அருளப்பு. அவர் குருநகர்க்காரர், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, ரயிலில் பச்சைக் கொடி காட்டுகிற கார்ட் வேலைக்குப் போனவர்.

கொட்டிலுக்குப் பின்னால்தான் நான் தேடி வந்தது இருந்தது. முப்பது அடி நீளத்துக்குத் தண்டவாளம், அதன் கீழே சிலிப்பர் கட்டைகள், மேலே நாலு சில்லு றொலி. ஆனால் பாதையின் ஒரு நுனியில் இரண்டு பேர் கட்டைகளை நெம்பிக் கிளப்ப அலவாங்கோடு நின்றார்கள். மறுநுனியில் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் கையை விரித்து வழி மறித்தபடி நின்றாள்.

அவள் செல்வராணி. தீவுப்பகுதியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, தோட்டத்து மூலையில் குடிசை போட்டிருந்தாள். வயிற்றில் எட்டு மாதம். அவள் வீட்டாரின் பங்கர்க் குழிக்குக் கூரையாகப் போட்ட தென்னங்குற்றிகள் மாரி மழையில் உக்கி விழுந்துவிட்டன. குண்டு போட விமானம் வந்தால் ஓடி ஒளிக்க இடமில்லை. சிலிப்பர் கட்டைகளை எடுத்துக் கூரை போடுவதென்று அருளப்பு முடிவெடுத்திருந்தார். அவள்தான் சம்மதிக்கவில்லை. ஞாயிறுகளில் றொலி தள்ளுவதே அவள்தானாம்.

“பிள்ளையள் உதுக்காண்டித்தானே ஓடி வருதுகள், அண்ணை. உதைப் பிடுங்கிப்போட்டு நான் என்னெண்டு பங்கருக்கை நிம்மதியா இருக்கிறது?”

“தங்கச்சி, நான் முப்பது வரியம் கார்ட். ஆக்களைப் பத்திரமாய்க் கொண்டுபோய் இறக்கிறதுதான் என்ரை வேலை. விளையாட்டுக் காட்டுறது இல்லை.”

நான் மனதுக்குள் செல்வராணியின் பக்கம். பன்னிரண்டு மைல் மிதித்தவனின் நியாயம் அது.

மங்கை அவளுக்குக் கிட்டப் போனாள். “நீர் உதிலை ஒருக்கால் எண்டாலும் ஏறினனீரோ?”

“இல்லை அக்கா. தள்ளினது மட்டும்தான். ரயிலிலையும் நான் ஏறினதில்லை.”

“அப்ப முதல்லை ஏறும். பிறகு கழட்டலாம்.”

செல்வராணி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. மங்கை பிடித்து ஏற்றிவிட்டாள். அருளப்பு உள்ளே போய்த் தொப்பியும் பச்சைக் கொடியுமாக வந்து, விசில் ஊதி, கொடியைக் காட்டினார். நான் மெல்லத் தள்ளினேன். முப்பது அடியும் அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தென்னைகளைப் பார்த்தபடியே போனாள். நான் பார்த்த பயணங்களில் அதுதான் அழகு.

எனக்கும் ஒரு தடவை கிடைக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் முதல் கட்டை கிளம்பிவிட்டது. நானும் ஒரு அலவாங்கை எடுத்தேன்.

மூன்று மணிக்குள் கட்டைகளை நெருக்கி அடுக்கி, மண் மூட்டைகளையும் ஏற்றி முடித்தோம். புட்டு எல்லாருக்கும் ஆளுக்கொரு பிடி வந்தது. பிறகு ஆக்களுக்கு இடம் காணுமோ என்று பார்க்க எல்லாரும் பங்கருக்குள் இறங்கினோம். முழங்கால்கள் இடிபட, ஒருவர் மடியில் ஒருவர் ஏறாத குறையாக, சிரித்தபடி இருந்தோம். அருளப்பு மட்டும் வெளியே நின்றார்.

“அண்ணை, நீங்கள் வரேல்லையோ?” என்று செல்வராணி கூப்பிட்டாள்.

“எல்லாரும் ஏறியாச்சோ?”

“ஓம்.”

“கார்ட் கடைசியாத்தான் ஏறுறது” என்று சொல்லிவிட்டு அவரும் இறங்கி வந்தார்.

பொழுதுபடுவதற்குள் வீடு வந்துவிட்டோம். எங்கள் வீட்டுப் பங்கருக்குப் பனங்குற்றிக் கூரை, நல்ல உறுதியானது. உள்ளே போகும்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

பாதை இல்லாத இடத்தில் இனி என்ன பார்ப்பது என்று அயலார் கேட்கிறார்கள். ஒரு ஞாயிறு போய் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். றொலி கொட்டிலுக்குள் நிற்கிறது. சிலிப்பர் கட்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மூலைக் குடிசையில் செல்வராணியிடம் கேளுங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். பங்கருக்குள் குழந்தை நித்திரை என்றாளானால், அது எழும்பும்வரை வெளியே இருங்கள்.